கேப்டவுனிலிருந்து அப்பிங்டன் வரை காரில்: மலை ரோட்டு டிரைவருக்கு யோசனை சொல்லுங்கள்

பாலாடா கேரட் வண்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 53, ஊர் ஊட்டி பக்கம் பாலாடா. இருபத்திரண்டு வருஷமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு ராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டி. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் மழையில், மூடுபனியில், ஒரு ஹெட்லைட் போன நிலையிலும் இறங்கியிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்கப்போகிற கேள்விக்கு இது வேண்டியிருக்கிறது.

மகள் தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனில் வானியல் படிக்கிறாள். முத்தொரையில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே ரேடியோ தொலைநோக்கி, அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள். அது இப்போது அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் அவளைப் பார்க்கப் போகிறோம். அவளுக்கு ஒரு வாரம் லீவு. அந்த வாரத்தில் நார்தர்ன் கேப் மாகாணத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். கேப்டவுனில் வாடகைக் கார் எடுத்து கல்வினியா, அப்பிங்டன், ஆக்ராபீஸ் அருவி, அப்புறம் ஸ்பிரிங்பாக் வழியாகத் திரும்பி வருவது. பாப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை. ஓட்டப்போவது நான்தான்.

மேப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் 140 கிலோமீட்டர், இடையில் எழுத்தே இல்லை. நம்ம பக்கம் நாலு வளைவுக்கு ஒரு டீக்கடை. வண்டி நின்றால் பின்னால் வருகிறவனே இறங்கிவந்து தள்ளிவிடுவான். அங்கே நின்றால் என்ன செய்வது? பெட்ரோலுக்கு என்ன வழி? ராத்திரி ஓட்டிப் பழகியவன் நான், வெயிலுக்கு முன்னால் ராத்திரியிலேயே தூரத்தைக் கடந்துவிடலாமா? வீட்டுக்காரிக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தால் வரமாட்டாள். போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குந்தா பாலம்:

அண்ணா, கல்லட்டி இறங்குகிறவருக்கு இது ஒரு கேள்வியா? அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்குமாம். ஸ்டியரிங்கைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத் தூங்குங்கள்.

அரவேனுக்காரன்:

தம்பி விளையாட்டாகச் சொன்ன தூக்கம்தான் அந்த ஊரில் ஆளைக் கொல்கிறது.

அண்ணா, நான் கோத்தகிரி அரவேனு. எலக்ட்ரீஷியன். அப்பிங்டன் பக்கம் ஒரு சூரிய மின்நிலையக் கட்டுமானத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அந்த ரோடுகளில் கம்பெனி பிக்கப்பை நிறைய ஓட்டியிருக்கிறேன். (பிக்கப்பை அங்கே 'பக்கி' என்பார்கள். முதல் நாள் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து 'பக்கி, பக்கி' என்று கை காட்டியபோது சண்டைக்கே போயிருப்பேன்.)

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு மாகாணம் மட்டும் சுமார் 3,72,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. 2022 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை பதின்மூன்றரை லட்சம் சொச்சம். நம்ம நீலகிரியில் மட்டும் 2011 கணக்குப்படி ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பேர். அந்தப் பதின்மூன்றரை லட்சத்திலும் நிறையப் பேர் கிம்பர்லி, அப்பிங்டன் மாதிரி ஊர்களில் இருக்கிறார்கள். ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று வண்டி எதிரே வந்தால் அன்றைக்குக் கூட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ரோட்டில் நம்மை விழிக்க வைத்திருப்பது வளைவு. கிளட்ச், கியர், ஹாரன், ஏறுகிற வண்டிக்கு வழி, கை சும்மா இருக்க முடியாது. அங்கே கைக்கு வேலை கிடையாது. ஐந்தாவது கியரில் போட்டால் அடுத்த ஊரில்தான் எடுப்பீர்கள். இரண்டு பக்கமும் ஆட்டுக்கம்பி வேலி, தூரத்தில் ஒரு காற்றாடி பம்பு, அதன் கீழே ஒரு தொட்டி. அரை மணி கழித்துப் பார்த்தால் அதே வேலி, அதே மாதிரி பம்பு. முதல் மாதம் கென்ஹார்ட் என்கிற ஊரைத் தாண்டி ஓட்டும்போது, கண் திறந்திருந்தும் கடைசி இருபது கிலோமீட்டர் எனக்கு ஞாபகத்தில் இல்லை. நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். கால் நடுங்கியது. கோத்தகிரி ரோட்டில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனபோதுகூட அப்படி நடுங்கியதில்லை.

அதனால் எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் நிறுத்துவது. ரோட்டோரம் ஆங்காங்கே ஒரு மரம், அதன் கீழே சிமெண்ட் மேஜை, பெஞ்சு போட்டிருப்பார்கள். அங்கே நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்தால் ஒரு நிசப்தம் வரும், காது அடைத்துக்கொண்டதோ என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்தால் எங்கோ அந்தக் காற்றாடி கிரீச் கிரீச் என்று சுற்றுவது கேட்கும். வீட்டுக்காரியை அப்போது பேச விட்டுவிடுங்கள், வண்டியில் பேச்சு இருந்துகொண்டே இருப்பது நல்லது.

பெட்ரோல்: நீங்கள் போகிற ஆர்-27 ரோட்டில் கல்வினியா, பிராண்ட்ஃப்ளே, கென்ஹார்ட் மூன்று ஊரிலும் பங்க் உண்டு. டேங்க் முக்கால்வாசி இருந்தாலும் ஒவ்வொன்றிலும் நிரப்புங்கள். நாமே பிடித்துப் போட வேண்டியதில்லை, ஆள் வந்து போடுவார், கண்ணாடி துடைப்பார், கேட்டால் காற்றும் பார்ப்பார். ஐந்து, பத்து ராண்ட் சில்லறை கொடுப்பது அங்கே மரியாதை. கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டர் வண்டியிலேயே கிடக்கட்டும், குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஊரை விட்டுத் தாண்டினால் போன் சிக்னல் போய்விடும், மேப்பை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேப் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைக் கட்டாயம் படியுங்கள். கேப்டவுனிலிருந்து கல்வினியா போக மேப் சில சமயம் செரெஸ் வழியாக ஆர்-355 என்று ஒரு ரோட்டைக் காட்டும். கோடு நேராக இருக்கும், ஆசையாக இருக்கும். அது முழுக்க தார் போடாத கிராவல் ரோடு. செரெஸ் தாண்டினால் கல்வினியா வரை சுமார் 250 கிலோமீட்டர், நடுவில் ஊர் என்று ஒன்றுமே இல்லை. நான் அதில் மாட்டியவன்.

கேப்டவுனில் ஒரு வேலை முடித்துத் திரும்புகையில் நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று நுழைந்தேன். அந்தக் கல் வட்டக்கல் இல்லை. தட்டைத் தட்டையாக உடைந்து, ஓரம் அரிவாள்மணை மாதிரி நிற்கும். ரோடு அலை அலையாக மடிந்து கிடக்கும், பல் கிட்டுகிற மாதிரி வண்டி ஆடும். நூறு கிலோமீட்டர் போனபோது பின் இடது டயர் போயிற்று. சரி என்று ஸ்டெப்னி மாட்டினேன். அதிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போகவில்லை, அதுவும் உஸ்ஸென்று இறங்கிவிட்டது. என் பின்னால் கிளம்பிய புழுதி என்னைத் தாண்டிப் போய் முன்னால் மெதுவாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிக்னல் இல்லை. மத்தியானம் இரண்டு மணி. அந்தப் பக்கம் நடுப்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், நிழல் வண்டிக்குத் தெற்கே விழும். அதுகூடப் புத்தியில் ஏறாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு பக்கி வந்தது. ஆட்டுப்பண்ணைக்காரர், எழுபது வயது இருக்கும். ஆங்கிலம் கொஞ்சம்தான். அங்கே பாதிக்கு மேல் ஜனத்துக்கு ஆஃப்ரிகான்ஸ்தான் வீட்டு மொழி. ஒன்றும் கேட்கவில்லை. என் இரண்டு டயரையும் தூக்கிப் பின்னால் போட்டார். பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார், ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே 'பில்டாங்', நம்ம உப்புக்கண்டமேதான், கொத்தமல்லி விதை வாசனையோடு. கல்வினியாவில் டயர்க்கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி ஒட்டவைத்து, திரும்பவும் என்னை வண்டியிடம் கொண்டுவந்து விட்டார். பணம் நீட்டினேன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கிராவல் ரோட்டில் யார் நின்றாலும் நானும் நிறுத்தியிருக்கிறேன். எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள்.

ஆகவே என்-7 ரோட்டிலேயே போய் வான்ரைன்ஸ்டார்ப்பில் கிழக்கே திரும்புங்கள். முழுக்கத் தார். அங்கே வான்ரைன்ஸ் கணவாய் என்று ஒரு ஏற்றம் வரும், அதில் ஐந்து நிமிஷம் சொந்த ஊர் மாதிரி இருக்கும். மேலே ஏறியதும் சமவெளி தொடங்கிவிடும், அதன் பிறகு அந்தச் சுகம் கிடையாது.

தவிர்க்க முடியாமல் கிராவலில் இறங்கினால்: டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, அறுபதுக்குள் ஓட்டி, வளைவில் பிரேக்கைத் தொடாமல் முன்னாலேயே வேகம் குறைத்துக்கொள்ளுங்கள். நம்ம கால் வளைவைக் கண்டதும் தானாகப் பிரேக்குக்குப் போகும், அங்கே அது வண்டியைச் சுற்றிவிடும். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றுக்கும் காப்பீடு உண்டா, கிராவலில் செல்லுமா என்று மகளை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி முழு டயரா, ஒல்லி டயரா என்றும் கையால் தொட்டுப் பாருங்கள்.

ராத்திரி ஓட்டவே ஓட்டாதீர்கள். இதில் மட்டும் உங்கள் அனுபவத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். நமக்குக் காட்டுமாடு எப்படியோ அப்படி அங்கே குடூ என்று ஒரு மான் இருக்கிறது, முறுக்குக் கொம்பு, மாட்டு உயரம். காட்டுமாடாவது நின்று பார்க்கும். இது வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு பாய்ந்து பானட் மேலேயே விழும். நீங்கள் போவதோ நெடுஞ்சாலையில் 120 வரை அனுமதி உள்ள ரோடு. காலை ஏழுக்குக் கிளம்பி மாலை நாலு, நாலரைக்குள் அறைக்குப் போய்விடுங்கள். கேப்டவுன் முதல் அப்பிங்டன் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரே நாளில் வேண்டாம், கல்வினியாவில் தங்குங்கள். ஆகஸ்டில் அங்கே ராத்திரி ஊட்டி டிசம்பர் மாதிரி உறையும். வறண்ட நாடு என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வட்டக்கானல் டீச்சர்:

அரவேனுத் தம்பி எழுதியதில் சேர்க்க எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. நான் கொடைக்கானலில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகனோடு ஒரு செப்டம்பரில் போய்வந்தேன். ஸ்பிரிங்பாக் பக்கம் நாமக்வாலாந்து என்று சொல்வார்கள். குளிர்கால மழை சரியாகப் பெய்திருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தக் கட்டாந்தரை முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்துவிடும். நமக்குக் குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும், ஆனால் மழை மனசு வைக்கவேண்டும். ஒரு சூட்சுமம்: அந்தப் பூக்கள் சூரியனைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரிப் போனால்தான் பூ உங்களைப் பார்க்கும், எதிர்ப்பக்கம் போனால் காம்புதான் தெரியும். காலை பத்தரைக்கு முன்னால் போகாதீர்கள், விரியவே விரியாது. மேகம் போட்டாலும் மூடிக்கொள்ளும். நாங்கள் எட்டு மணிக்கே போய் நின்று, பச்சைத் தரையைப் பார்த்து ஏமாந்தோம்.

மகள் வானியல் என்கிறீர்கள், சதர்லாந்துக்கு அவளே அழைத்துப் போவாள். சால்ட் என்ற பெரிய தொலைநோக்கி, 2005இல் திறந்தது. 91 அறுகோணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து ஒரே ஆடியாக்கியிருக்கிறார்கள். புனேயின் ஐயூகா வானியல் ஆய்வு மையமும் அதில் பங்காளி. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வருஷாவருஷம் பிள்ளைகளைக் கூட்டிப்போனவள் நான், அந்த ஆடியின் முன்னால் வாயடைத்துப் போய் நின்றேன்.

இன்னொன்று. பிராண்ட்ஃப்ளே தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் நிற்கிற மாதிரி தெரியும், கிட்டப் போகப் போக நகரும். எங்கள் பழனி மலையில் கானல் என்றால் காடு. அகராதியில் படித்த இன்னொரு கானலை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய உலர்ந்த ஏரிக்கு வெர்நூக்பான் என்றே பெயர், ஏமாற்றுத் தட்டு என்கிற மாதிரி அர்த்தம். 1929இல் மால்கம் காம்ப்பெல் உலக வேகச் சாதனைக்குக் கார் கொண்டுவந்த இடம் அது.

அரவேனுக்காரன்:

டீச்சர் சொன்ன சதர்லாந்துக்கு ஒரு எச்சரிக்கை. கல்வினியாவிலிருந்து குறுக்கே ஆர்-354 போகும், அதுவும் கிராவல்தான். சதர்லாந்து பார்க்கவேண்டுமானால் மாட்ஜிஸ்ஃபோன்டைன் பக்கமிருந்து வரும் தார் ரோடு, சுமார் 110 கிலோமீட்டர். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். மகள் படிக்கிற விஷயத்துக்கு மீர்கேட் என்ற ரேடியோ தொலைநோக்கியின் டிஷ்களைப் பார்க்க ஆசைப்படலாம், கார்னார்வனைத் தாண்டி 64 நிற்கின்றன. ரேடியோ அமைதிக்காக அந்த வட்டாரத்துக்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள், முத்தொரை மாதிரி ரோட்டிலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. அவள் மூலமாக அனுமதி கிடைத்தால் உண்டு.

பார்க்கச் சொல்ல இரண்டு விட்டுப்போயிற்று. கென்ஹார்ட் முதல் காக்காமாஸ் வரை (ஆமாம், ஊர்ப் பெயர்தான்) தந்திக் கம்பங்களில் வைக்கோல்போர் மாட்டின மாதிரி தொங்கும். தூக்கணாங்குருவிக்குச் சொந்தக்கார இனம், நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரே கூட்டில் குடியிருக்கும். கீழே போய் அண்ணாந்து பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக, இடியாப்ப அச்சு மாதிரி. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குடும்பம். ரொம்ப நேரம் நிற்காதீர்கள், நாகம் அந்தக் கூட்டுக்கு முட்டை தின்ன வரும்.

இரண்டாவது, உலர்ந்த ஆற்றோரங்களில் பச்சையாக ஒரு புதர்க்காடு தெரியும். ஆசையாக இறங்கிப் போனால் நம்ம சீமைக்கருவேலத்தின் சொந்தக்கார மரம். ஆட்டுக்குத் தீவனம், நிழல் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார்களாம். ஆடு நெற்றைத் தின்று தின்று மாகாணம் முழுக்கப் பரப்பிவிட்டது. ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டோமோ என்று இருந்தது எனக்கு.

குந்தா பாலம்:

கயிறு விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அருவி எப்படி வந்தது அந்த வறட்சியில்?

அரவேனுக்காரன்:

ஆறு அந்த ஊர்த் தண்ணீர் இல்லை தம்பி. ஆரஞ்சு ஆறு லெசோதோ மலையில் பிறந்து மேற்கே அட்லாண்டிக் வரை ஓடுகிறது. அப்பிங்டனில் அதன் இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம், பத்து நிமிஷம் காரில் தள்ளிப் போனால் செம்மண். ஆக்ராபீஸில் 56 மீட்டர் விழுகிறது, பாறை கருங்கல். சத்தம் முதலில் வயிற்றில்தான் கேட்கும்.

பாலாடா கேரட் வண்டி எழுதியது:

அரவேனுத் தம்பிக்கும் டீச்சரம்மாவுக்கும் கும்பிடு. ராத்திரி ஓட்டும் யோசனையை விட்டுவிட்டேன். ஆர்-355 என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், "அதைத்தான்ப்பா போட்டிருந்தேன், தூரம் மிச்சம்" என்றாள். இப்போது மாற்றிவிட்டாள். முதல் ராத்திரி கல்வினியா, இரண்டு நாள் அப்பிங்டன், அருவி, ஸ்பிரிங்பாக், என்-7. லைசென்ஸ் அட்டை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, இருந்தும் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரி பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். டயர் விஷயம்கூட அவளுக்குக் கவலையில்லையாம். ஏழு நாள் தயிர் இல்லாமல் எப்படி என்று கேட்கச் சொல்கிறாள்.

அரவேனுக்காரன்:

அக்காவிடம் சொல்லுங்கள், 'அமாசி' அல்லது 'மாஸ்' என்று எழுதிய பாட்டில் எந்த ஊர்க் கடையிலும் குளிர்பெட்டியில் இருக்கும். பால் தானாகப் புளித்தது, நம்ம கெட்டி மோருக்கும் தயிருக்கும் நடுவில். அப்பிங்டனில் இரண்டு வருஷம் அதை வைத்துத்தான் ஓட்டினேன். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் மட்டும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டிலை இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், என்னுடையது சூட்கேஸில் உடைந்துவிட்டது.